சேர்வரிலை பிரச்சினை

என் தொழிலில் எல்லோரும் சொல்லுகிற ஒரு பொய் இருக்கிறது. "சேர்வரிலை பிரச்சினை." வெப்சைட் திறக்கவில்லையா, படம் பக்கத்தைவிட்டு வெளியே வழிகிறதா, நேற்று முடிப்பதாகச் சொன்ன வேலையை இன்னும் தொடவேயில்லையா, இந்த ஒரு வசனம் போதும். அந்தச் சேர்வர் எங்கே இருக்கிறது, யார் அதைப் பார்க்கிறார்கள் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் சிங்கப்பூர் என்று சொல்லிவிடலாம். பன்னிரண்டு வருடமாக அச்சுவேலியில் என் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு இந்தப் பொய்யைச் சொல்லி வருகிறேன். ஒருவரும் கோபித்ததில்லை. "பாவம், அந்தாள் என்ன செய்யிறது" என்று எனக்காகப் பரிந்து கதைத்தவர்களும் உண்டு.

வெப்சைட் செய்வது தவிர கீபோர்டும் வாசிப்பேன். கலியாண வீடு, பள்ளிக்கூட விழா, யாராவது கவிதை எழுதிக்கொண்டு வந்தால் அதற்கு மெட்டு, எல்லாம் செய்வேன். ஊரில் இரண்டு தொழிலையும் பிரித்துப் பார்ப்பதில்லை. வயர் உள்ள எதுவும் எனக்குத் தெரியும் என்பது அயலட்டையின் முடிவு. படலையடியில் சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டால் யாரோ போனைக் கொண்டு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பாஸ்வேர்டை மறந்தவர் வருவார். பேரப்பிள்ளையின் படம் கனடாவிலிருந்து வந்தும் திறக்க மாட்டேன் என்கிறது என்பவர் வருவார். எதையோ அமத்தி முழுப் போனையும் சீன மொழிக்கு மாற்றிவிட்டவர் வருவார். எனக்குப் பொறுமை குறைவு. "உங்களுக்கு ஆர் உதை அமத்தச் சொன்னது?" என்று சள்ளென்று விழுவேன். பிறகு செய்து கொடுப்பேன். செய்து கொடுத்த பிறகு அவர்கள் முகத்தில் வருகிற மரியாதையைப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. அந்த ஆசைதான் நான் சொல்லப்போகிற வெட்கக்கேட்டுக்கு முக்கால்வாசிக் காரணம்.

குருநகர்க் கரையில் சின்னக் கத்தோலிக்கக் கோயில் ஒன்றுக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். வெளிநாட்டில் இருக்கிற பங்குச் சனம் பூசை பார்க்க லைவும் வேண்டும் என்று பங்குச் சுவாமி கேட்டார். கமரா, மைக், ரவுட்டர் எல்லாம் நானே பார்த்து வாங்கிப் பூட்டினேன். மார்கழி மாதம் நத்தாருக்குப் பாடகர் குழுவுக்குக் கீபோர்ட் வாசிக்க ஆளில்லை என்றார்கள், அதற்கும் போனேன். நான் சைவக்காரன். அங்கே யாரும் அதை ஒரு கதையாக எடுக்கவில்லை. பிளேன்ரீயும் கேக்கும் தந்தார்கள்.

அக்காவை அங்கேதான் கண்டேன். வயது ஐம்பத்தைந்து இருக்கும். வீட்டில் மெஷின் வைத்துப் பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறவர். வாய் கொஞ்சம் நீளம். முதல் நாளே என் கீபோர்டைப் பார்த்து, "உதென்ன தம்பி, இவ்வளவு பொத்தானையும் எப்ப பூட்டி முடிக்கப் போறாய்?" என்று கேட்டார். குழுவே சிரித்தது. எனக்கு ஆளைப் பிடித்துப் போயிற்று.

பெரிய வெள்ளியன்று பின்னேரம் அந்தக் கோயிலில் ஒரு புலம்பல் பாடுவார்கள். செத்த மகனை மடியில் வைத்துக்கொண்டு தாய் அழுகிற புலம்பல். ஒருவர் முன்பாட்டுப் பாட, மற்றவர் பிற்பாட்டாக ஏந்துவார். யார் கட்டிய பாட்டு, எந்தக் காலத்துப் பாட்டு என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. குமர்ப்பிள்ளைகளாக இருந்த காலத்திலிருந்து அக்கா முன்பாட்டு, அவருடைய தங்கை பிற்பாட்டு. பத்து வருடத்துக்கு முன் தங்கை பிரான்சுக்குப் போய்விட்டார். விசா வழக்கு இன்னும் இழுபடுகிறது. அங்கேயிருந்து வெளிக்கிட்டால் திரும்பிப் போக ஏலாது. அதனால் ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் அக்கா பாடும்போது யாராவது பக்கத்தில் போனைத் தூக்கிப் பிடிப்பார்களாம். தங்கை அங்கே குசினிக்குள் நின்று ஏந்திப் பாடுவாராம்.

தவக்கால ஒத்திகையில் அக்கா பாடியதை நான் முதன்முதலாகக் கேட்டபோது ஒரு விஷயத்தைக் கவனித்தேன். சுருதிப் பெட்டி இல்லை, கீபோர்ட் இல்லை, வாயைத் திறந்தார், பாடினார். நான் என் கீபோர்டில் மெதுவாக ஒரு கட்டையை அமத்திப் பார்த்தேன். சரியாக அந்தச் சுருதியில் நின்றார். அடுத்த கிழமையும் பார்த்தேன், அதே சுருதி. அதற்கடுத்த கிழமையும் அதேதான். தாளம்கூட ஒரு துளி முந்தவில்லை, பிந்தவில்லை. படித்துப் பட்டம் வாங்கியவர்களிடமும் இதை நான் காணவில்லை. "அக்கா, இதை ஒருக்காப் பதிஞ்சு வைக்கட்டோ, ஞாபகத்துக்கு?" என்று கேட்டேன். பதி, பதி, என்ரை தொண்டை தேய்ஞ்சா போகுது என்றார்.

ஞாபகத்துக்கு என்றுதான் கேட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து இரைச்சலை எடுத்தேன். அடியில் மெல்லிய தந்தி ஓசை ஒன்றைப் பரப்பினேன். இடைக்கிடை ஒரு புல்லாங்குழல். சும்மா சொல்லக்கூடாது, நன்றாக வந்தது. கேட்கக் கேட்க அக்காவின் குரல் பின்னுக்குப் போய் என் தந்தியும் குழலும்தான் எனக்குக் கேட்டன. இதை உலகம் கேட்கவேண்டும் என்று தோன்றியது. அக்காவை உலகம் கேட்கவேண்டும் என்று நினைத்ததாகத்தான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாட்டுகளை எல்லாத் தளங்களுக்கும் ஏற்றிவிடுகிற சேவை ஒன்றில் எனக்குக் கணக்கு இருந்தது. அந்த வருடப் பெரிய வெள்ளி கழிந்து, மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் அந்தப் படிவத்தை நிரப்பினேன். இயற்றியவர் யார் என்று கேட்டது. 'பாரம்பரியம்' என்று ஒரு தெரிவு இருந்தது. யோக்கியமாக அதைத்தான் முதலில் எடுத்தேன். உடனே சிவப்பில் ஒரு வரி வந்தது. இப்படியான பாட்டை வேறு யாராவது எடுத்துப் போட்டால் எங்களால் தடுக்க முடியாது என்று அதற்கு அர்த்தம்.

அந்தச் சிவப்பு வரி என்னை எங்கே தொட்டது என்று சொல்லவேண்டும். அதற்கு முதல் வருடம் என் கலியாண மெட்டு ஒன்றை யாரோ ஒரு வீடியோக்காரன் அப்படியே தூக்கித் தன் வீடியோவுக்குப் போட்டிருந்தான். பேரும் இல்லை, ஒரு நன்றியும் இல்லை. ஒன்பது நாள் அவனோடு அந்த வீடியோவுக்கு அடியில் எழுதி எழுதிச் சண்டை பிடித்தேன். "கள்ளன்" என்று தமிழிலும் எழுதினேன், ஆங்கிலத்திலும் எழுதினேன். அந்தக் கொதி ஆறவில்லை. இனி ஒருத்தனும் என் சாமானில் கை வைக்கக்கூடாது என்று இருந்தேன். ஆகவே 'பாரம்பரியம்' என்றதை அழித்துவிட்டு என் பெயரை எழுதினேன். வெளியிடுவோர் என்ற இடத்தில் நான் எனக்கு வைத்திருந்த ஸ்ரூடியோப் பெயர், ஆங்கிலத்தில் இரண்டு சொல். பாடியவர் என்ற இடம் கட்டாயமில்லை என்று இருந்தது, வெறுமையாக விட்டேன். அக்காவின் முழுப்பெயர் எனக்குத் தெரியாது என்பது நான் எனக்குச் சொன்ன நியாயம். ஒரு போன் கோல் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

கடைசியில் இரண்டு பெட்டிகள். இது முழுக்க என் சொந்தப் படைப்பு என்பது ஒன்று. இது வேறெங்கே கேட்டாலும் தடு என்பது மற்றது. இரண்டிலும் சரி போட்டேன்.

பாட்டு வெளியானது. பெரிதாக ஒருவரும் கேட்கவில்லை. நாளுக்கு நாலு தரம் எண்ணிக்கையைப் பார்த்தது நான்தான், கேட்டதிலும் பாதி நான்தான். ஆனால் ஒருவர் அடியில் எழுதியிருந்தார். மெட்டு நெஞ்சைப் பிழியுது அண்ணை, உங்கடை கொம்போசிங்கோ என்று கேட்டு. நான் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டு கும்பிடு போட்டு 'நன்றி' என்று பதில் எழுதினேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

வருடம் ஒன்று போயிற்று. அந்தப் பாட்டை நான் மறந்தே போனேன்.

அடுத்த தவக்காலம் முடிய ஒரு கிழமை இருக்கும்போது அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தங்கைக்குக் கழுத்தில் கட்டி, தைரொயிட், உயிர்த்த ஞாயிறு கழிந்து செவ்வாய்க்கிழமை ஒப்பரேசன் என்றார். குரலுக்குப் போகிற நரம்புக்குப் பக்கத்திலேயே கத்தி வைக்கவேண்டுமாம். குரல் பழையபடி வரும் என்று சொல்ல ஏலாது என்று டொக்டர் முன்னமே கையெழுத்து வாங்கிவிட்டாராம். இதை அக்கா அழாமல்தான் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"தம்பி, இந்த முறை அவளுக்கு வடிவாக் கேக்கோணும். பேந்து அவள் பாடுவாளோ தெரியாது. போனிலை கீச்சுக்கீச்செண்டு போறது சரிவராது. நீ உன்ரை லைவிலை போட்டுவிடு. அவள் பாடுறது எங்களுக்குக் கேக்காட்டிலும் பரவாயில்லை. என்ரை குரல் அவளுக்குக் கேட்டால் காணும்."

நான் இருக்கிறேன், யோசியாதேங்கோ என்றேன். மயிரிழையும் பிசகாது என்றேன். அந்த நேரம் என் நெஞ்சு ஒரு சாண் விரிந்திருக்கும்.

பெரிய வெள்ளியன்று காலமையே போய்விட்டேன். மைக்கைப் பீடத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தேன். ரவுட்டருக்கு இரண்டாவது சிம் ஒன்றும் தயாராக வைத்தேன். சத்தம் சரியாகப் போகிறதா என்று பார்க்க மத்தியானம் தங்கைக்கு என் போனிலிருந்தே எடுத்தேன். அவரோடு நான் கதைத்தது அதுதான் முதல் தரம். குரல் ஏற்கெனவே தடித்துப் போயிருந்தது. கேக்குது தம்பி, பக்கத்து வீட்டிலை நிண்டு பாடுற மாதிரிக் கேக்குது என்றார். குளித்து வெள்ளைச் சீலை உடுத்துக்கொண்டு ரீவிக்கு முன்னால் நிற்கப் போகிறாராம். விசர், பைத்தியம் எண்டு நினைக்காதேங்கோ என்று சொல்லிச் சிரித்தார். ஏதும் தடங்கல் வந்தால் உடனே இந்த நம்பருக்கு அடியுங்கோ என்று சொன்னதும் நான்தான்.

மூன்று மணி கழிய வழிபாடு தொடங்கியது. கோயில் நிறைந்து வெளியிலும் சனம். நான் பின்னுக்கு, கதவடியில் லப்டொப்போடு இருந்தேன். புலம்பலுக்கு அக்கா எழும்பி முன்னுக்கு வந்தார். பிற்பாட்டுக்கு இங்கே நாலு பெண்கள் நின்றார்கள். ஆனால் அக்கா ஒவ்வொரு வரியும் பாடி முடித்ததும் அவர்களைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து கமராவைப் பார்த்தார். தங்கைக்குப் பாடக் கொடுக்கிற இடைவெளி அது. திருப்பி அடுத்த வரி. திருப்பிக் கமரா.

ஆறோ ஏழோ வரி போயிருக்கும். என் திரையில் மஞ்சளாக ஒரு எச்சரிக்கை விழுந்தது. நான் வாசித்து முடிக்க முன்னம் படம் போய், சத்தம் போய், கறுப்பாக ஒரு பலகை வந்து நின்றது. இந்த ஒளிபரப்பில் இன்னாருக்குச் சொந்தமான உள்ளடக்கம் இருக்கிறது, அவர் இதைத் தடுத்திருக்கிறார் என்று அதில் எழுதியிருந்தது. அந்த இன்னார், ஆங்கிலத்தில் இரண்டு சொல்.

என்ன நடந்தது என்று ஒரு நொடியில் விளங்கியது. அதே குரல், அதே சுருதி, அதே தாளம். போன வருடம் பாடியதுபோலவே அச்சொட்டாகப் பாடினால், சத்தத்தை ஒப்பிட்டுப் பிடிக்கிற மெஷின் என்ன செய்யும்? அவரை என்னிடம் களவெடுத்தவர் என்று முடிவெடுத்துவிட்டது.

போனை எடுத்து அந்தச் சேவையின் பக்கத்துக்குள் போனேன். உரிமையை விலக்கு என்பதை அமத்தினேன். பெற்றுக்கொண்டோம், சில வேலை நாட்களில் கவனிக்கப்படும் என்று வந்தது. வேலை நாளாம். இன்றைக்குப் பெரிய வெள்ளி, நாளைக்குச் சனி, பிறகு ஞாயிறு. புதிதாக ஒரு லைவைத் திறக்கப் பார்த்தேன். தடைபட்ட கணக்கில் புதிது திறக்க விடமாட்டேன் என்றது.

அப்போதுதான் கையிலிருந்த போன் அதிர்ந்தது. பிரான்ஸ் இலக்கம். தங்கை.

அந்தக் கோலை எடுத்துக்கொண்டு நடு வழியால் முன்னுக்கு நடந்து போய் அக்காவின் பக்கத்தில் போனைப் பிடித்திருந்தால் காணும். பத்து வருடம் அப்படித்தானே செய்தார்கள். இது எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்தது. ஆனால் நடந்தால் முழுச் சனமும் பார்க்கும். சுவாமி பார்ப்பார். லைவுக்கு என்ன நடந்தது என்று கேட்பார்கள். தங்கை அந்தப் பலகையை ஏற்கெனவே பார்த்துவிட்டார், அதிலிருக்கிற பேர் யார் என்று கேட்பார். கோலைக் கட் பண்ணினேன். திரும்ப அடித்தார். திரும்பக் கட் பண்ணினேன். பிறகு போனையே ஓவ் பண்ணிவிட்டேன்.

அக்கா பாடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரி முடியவும் நிமிர்ந்து கமராவைப் பார்த்தார். கமராவின் சிவப்பு வெளிச்சம் அணையவில்லை, அது தன்பாட்டில் எரிந்துகொண்டிருந்தது. முக்கால் மணித்தியாலம் நான் அப்படியே கதிரையில் குந்திக்கொண்டிருந்தேன். அந்த முக்கால் மணித்தியாலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிப்பதில்லை.

வழிபாடு முடிந்து வளவில் கஞ்சி கொடுத்தார்கள். அக்கா என்னிடம் நேரே வரவில்லை. பையிலிருந்து தன் போனை எடுத்து யாரிடமோ தங்கையின் செய்தி வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வந்தார். பல மிஸ்கோல். அடியில் ஒரு படம். தங்கை அந்தக் கறுப்புப் பலகையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அக்காவுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. போனை என்னிடம் நீட்டினார்.

"இதிலை என்ன தம்பி எழுதிக் கிடக்கு? வாசி."

சுற்றி ஆறேழு பேர் நின்றார்கள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"அது ஒரு வெளிநாட்டுக் கொம்பனி அக்கா. பிழையாத் தடுத்திருக்கிறாங்கள். சேர்வரிலை பிரச்சினை."

பன்னிரண்டு வருடப் பழக்கம், நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. மற்றவர்கள் சொன்னார்கள். கோதாரி விழுந்த கொம்பனிகள், எங்கடை சாமானை எங்களுக்கே பூட்டி வைக்கிறாங்கள் என்றார் ஒருவர். எங்கடை புலம்பலை உவங்களுக்கு ஆர் எழுதிக் குடுத்தது என்று கேட்டார் இன்னொருவர். நான் தலையாட்டினேன். ஓம், பெரிய அநியாயம் என்றும் சொன்னேன். அக்கா தங்கைக்குத் திரும்பக் கோல் எடுத்துக்கொண்டு மதிலடிக்குப் போனார். போகிறபோது, தம்பி காலமை தொடக்கம் ஒண்டும் சாப்பிடேல்லை, அவனுக்குக் கஞ்சி குடுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார். குடுத்தார்கள். நானும் குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பாட்டை எல்லா இடத்திலிருந்தும் இறக்கினேன். நாலைந்து நாளில் தடையும் விலகியது. பெரிய வெள்ளி வீடியோ முழுதாகத் திரும்ப வந்தது. அக்காவுக்கு அதன் லிங்கை அனுப்பி, கொம்பனியோடு சண்டை பிடித்து எடுத்துவிட்டேன் என்று எழுதினேன். ஆம், அப்படியும் எழுதினேன். பெரிய நன்றி தம்பி என்று பதில் வந்தது.

ஒப்பரேசன் செவ்வாய்க்கிழமை முடிந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் குரல் வரவில்லை. மூன்று கிழமை கழித்து நான் கேட்டபோதும், கொஞ்சக் காலம் கதைக்கவே கூடாதாம், பாட்டை மறந்துவிடச் சொல்லிவிட்டார்களாம் என்றார் அக்கா. ஒரு நரம்பு கை விட்டுவிட்டதாம். சரி, ஆள் மிஞ்சினாளே என்றார்.

அன்றைக்கிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முன்னறையில் இருந்து வேலை செய்யப் பார்த்தேன், முடியவில்லை. போன் கொண்டு வந்தவர்களைப் படலையிலேயே துரத்தினேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு குருநகருக்குப் போனேன்.

அக்கா முன் விறாந்தையில் தைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டைகள் கதிரையில் அடுக்கிக் கிடந்தன. வா தம்பி, இரு, தேத்தண்ணி போடுறன் என்று எழும்பினார். வேண்டாம் அக்கா, இருங்கோ என்றேன். நின்றபடியே சொன்னேன். அந்தப் பலகையில் இருந்தது கொம்பனி இல்லை, நான்தான் என்று. ஞாபகத்துக்கென்று கேட்டுப் பதிந்ததை என் பேரில் போட்டேன் என்று. பெட்டியில் சரி போட்ட கதையும் சொன்னேன்.

அக்கா மெஷினின் சில்லைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"என்னட்டைச் சொல்லி என்ன? நான் முழுக்கப் பாடினனான். அவளுக்குச் சொல்லு."

வீடியோக் கோல் எடுத்தார். தங்கை கழுத்தில் கட்டோடு வந்தார். மெலிந்திருந்தார். கதைக்கக்கூடாது என்பதால் கையை மட்டும் அசைத்தார். அக்கா போனை நூல் கட்டைகளில் சாத்தி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

நான் முதலிலிருந்து சொன்னேன். பாரம்பரியம் என்றதை அழித்தது, பாடியவரை வெறுமையாக விட்டது, யாரோ கேட்டதற்கு நன்றி என்று எழுதியது, அக்காவுக்குக் கொம்பனி என்று பொய் வாசித்தது, எல்லாம். இடையில் அழுகையும் வந்தது. இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்கிற மாதிரி ஒரு ஆறுதலும் மெல்ல மெல்ல வரத் தொடங்கியது. ஆனால் கோல் வந்ததை மட்டும் நான் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். லைன் கிடைக்கவில்லை என்று அவர் நினைத்திருப்பார், அதை ஏன் நானாகக் கிளறவேண்டும் என்று நினைத்தேன்.

தங்கை கண் வெட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் தலையைக் குனிந்து நெடுநேரம் எழுதினார். செய்தி வந்தது. தமிழில் இருந்தது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தையல் அளவு வாசிப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாக வாசித்தார்.

"பேர் போட்டது கிடக்கட்டும் தம்பி. அந்தப் பாட்டு எங்கடையும் இல்லை. அந்தக் கறுப்புப் பலகை எனக்கு வாசிக்க விளங்கேல்லை. குரல் நிண்ட உடனை அக்காவுக்கு என்னவோ நடந்துபோச்செண்டுதான் நான் நினைச்சன். அவ விழுந்துபோனா எண்டு நினைச்சன். அதுதான் உங்களுக்கு அடிச்சனான். ரெண்டு தரம் கட் பண்ணினீங்கள். மூண்டாந்தரம் போன் ஓவ். நான் ஒரு வரியும் பாடேல்லை. அக்கா இருக்கிறாவோ இல்லையோ எண்டு தெரியாமல் அந்தச் சீலையோடை நிலத்திலை குந்திக்கொண்டிருந்தனான். ஏன் தம்பி ஒருக்கா எடுக்கேல்லை?"

அக்கா கடைசி வரியை இரண்டாம் தரமும் வாசித்தார், இம்முறை சத்தமில்லாமல். கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். திரையில் தங்கையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட் பண்ணினனியோ?"

"ஓம் அக்கா."

ஏசுவார் என்று காத்து நின்றேன். ஏசியிருந்தால் எவ்வளவு நல்லாயிருந்திருக்கும். அக்கா நூல் கட்டைகளிலிருந்து போனை எடுத்து, தங்கைக்குத் தன் முகம் மட்டும் தெரிகிற மாதிரித் திருப்பிப் பிடித்தார். பிறகு என் பக்கம் பார்க்காமல், மெதுவாக, மரியாதையாகச் சொன்னார்.

"சரி, நீங்கள் போயிட்டு வாங்கோ."

அந்த நாள் வரைக்கும் அக்கா என்னை ஒருக்காலும் 'நீங்கள்' என்று சொன்னதில்லை. இப்போதும் கோயிலுக்குப் போகிறேன், லைவும் போடுகிறேன். கண்டால் அக்கா நின்று, "சுகமா இருக்கிறீங்களோ?" என்று கேட்பார்.